புகையிலையும் நமது மஹல்லாக்களும் – ஒரு வரலாற்றுப் பார்வை

மஃரிப் பாங்கு ஒலித்ததும் பேரீச்சம்பழம் ஒன்றை வாயிலிட்டுக்கொண்டு, நோன்புக் கஞ்சிக்குக்கூடக் காத்திராமல் பள்ளிவாசலுக்கு வெளியே விரையும் சகோதரர்களைத் தாங்களும் கண்டிருப்பீர்கள். பதின்மூன்று மணி நேரம் பொறுத்தவர்களால் மேலும் பத்து நிமிடம் பொறுக்க இயலவில்லை. அவர்களை ஏசிப் பேசுவது எளிது. நானும் மிம்பரில் அவ்வாறு பேசியவன்தான். அதன் பலன் என்ன என்பதைச் சரித்திரத்திடம் கேட்போம்.

1604-05 வாக்கில் பீஜப்பூரிலிருந்து திரும்பிய அஸத் பேக் என்பவர் புகையிலையையும், அழகுறச் செய்த குழாய் ஒன்றையும் அக்பரின் அவைக்குக் கொண்டுவந்தார். அரண்மனை ஹகீம் எச்சரித்தார். பாதுஷா சிறிது சுவைத்ததோடு நிறுத்திக்கொண்டார், பிரபுக்கள் நிறுத்தவில்லை. 1617இல் ஜஹாங்கீர் புகையிலைக்குத் தடை விதித்தார். ஈரானில் ஷா அப்பாஸும் தடுத்திருந்தார். வேடிக்கை என்னவெனில், ஜஹாங்கீர் ஈரானுக்கு அனுப்பிய தூதர் கான் ஆலம் புகையின்றி ஒரு பொழுதும் இருக்க இயலாதவர். இறுதியில் ஷா அவருக்கு மட்டும் விதிவிலக்கு அளித்ததாக ஜஹாங்கீரே தமது நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார்.

உஸ்மானியப் பேரரசில் நான்காம் முராத் 1633இல் தடை விதித்து, மீறியவர்களுக்கு மரண தண்டனையே கொடுத்தார். அப்போதும் சிலர் சட்டைக் கைக்குள் சிறு குழாயை மறைத்துப் புகைத்தார்கள் என்கிறார் அக்கால அறிஞர் காதிப் செலபி. பின்னர் புகைத்தல் ஆகும் என ஃபத்வா வழங்கிய ஷைகுல் இஸ்லாம் பஹாயீ எஃபெந்தியும் புகைப்பவரே!

உலமாக்களும் கருத்து வேறுபட்டார்கள். எகிப்தின் இப்ராஹீம் அல்லக்கானீ கூடாது என்றார். டமாஸ்கஸின் அப்துல் கனீ அந்நாபுலுஸீ ஆகும் என்று நூலே எழுதினார். இதில் அவர்களைக் குறை காண்பதற்கில்லை. புகையின் கேடு அன்றைய மருத்துவர்களுக்கே தெளிவாகவில்லை. 1950இல் பிரிட்டனில் டால், ஹில் ஆகிய இருவரும் நுரையீரல் புற்றுநோயோடு அதற்குள்ள தொடர்பை ஆய்ந்து வெளியிட்டனர். 1964இல் அமெரிக்க அரசின் மருத்துவ அறிக்கை அதை உறுதி செய்தது. அதன் பிறகு, அல்பகரா அத்தியாயத்தின் 195ஆம் வசனத்தை இதற்குப் பொருத்துவதில் தயக்கத்திற்கு இடம் குறைந்தது. மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 1995இல் ஹராம் என்றே அறிவித்தது.

நமது கொங்கு மண்ணும் இதற்கு அந்நியமன்று. 1800இல் இவ்வழியே பயணித்த புக்கானன் இங்கு புகையிலை பயிரானதைக் குறித்துள்ளார். கோவைப் புகையிலை பாலக்காட்டுக் கணவாய் வழியே மலபார் சென்றது. கம்பெனியார் அதில் ஏகபோக வியாபாரமே நடத்தினர். ஆகவே வெற்றிலைப் பையில் புகையிலைத் துண்டு வைத்திருக்கும் நம் பாட்டிமார்களைக் கண்டால் வியப்படைய வேண்டியதில்லை. புகை வராததால் அதில் தீங்கில்லை என்று எண்ணுவதுதான் பிழை. மெல்லும் புகையிலையும் வாய்ப் புற்றுநோயைத் தருகிறது.

இனி என் போன்ற இமாம்கள் வெட்கத்தோடு அறிய வேண்டிய செய்தி. டாக்காவில் 45 பள்ளிவாசல்களை மையமாக வைத்து ஓர் ஆய்வு நடந்தது. வீட்டுக்குள் புகைக்காதிருக்க இமாம்கள் உபதேசித்தார்கள். ஓராண்டுக்குப் பின் வீடுகளின் காற்றை அளந்தபோது குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. 2021இல் முடிவு வெளியானது. உபதேசத்தை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உபதேசம் மட்டும் போதாது.

ஊரே சேர்ந்தால் நிலைமை வேறு. கோழிக்கோடு மாவட்டத்தின் கூளிமாட்டில் 1990களின் நடுவிலேயே ஊரார் பேசி முடிவெடுத்துக் கடைகளில் பீடி, சிகரெட் விற்பதை நிறுத்தினர். 2014இல் நாகாலாந்தின் கரிஃபேமா நாட்டின் முதல் புகையிலையற்ற கிராமமாக அறிவிக்கப்பட்டது. கூளிமாடு அதற்கும் முந்தியது என்பர் கேரளத்தார். யார் முதல் என்பது அவர்கள் வழக்கு!

விட விரும்புபவருக்குச் சிகிச்சையும் உண்டு. 2002இல் நாட்டில் தொடங்கிய 13 புகையிலை நிறுத்த மையங்களுள் அடையாறு புற்றுநோய் நிலையமும் ஒன்று. 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கிறது; சிகரெட் பெட்டியிலேயே அது அச்சிடப்பட்டுள்ளது. விட்ட முதல் சில நாட்களில்தான் எரிச்சலும் தூக்கமின்மையும் மிகுதி. அந்நாட்களில் ஒரு சகோதரர் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் தனியே வீதியில் நிற்காமல், பள்ளியின் திண்ணையில் நம்மோடு அமர்ந்து தேநீர் அருந்தட்டும். வாசலுக்கு விரைபவரை இனி நான் ஏசப்போவதில்லை. கஞ்சிக் கோப்பையோடு அவர் பின்னால் செல்வதாக இருக்கிறேன்.