மாயாபுரி 2010: ஒரு தேய்மானக் கணக்கு

வருஷா வருஷம் எங்கள் வங்கிக் கிளையில் பழைய சாமான்களைக் கழித்துக்கட்ட ஒரு பட்டியல் தயாராகும். உடைந்த நாற்காலி, ஓடாத ஏசி இப்படி. தேய்மானம் போட்டுப் போட்டுப் புத்தகத்தில் ஒரு ரூபாய் என்று நிற்கும். மூன்று பேர் கையெழுத்துப் போட்டால் ஏலம். அந்தக் கையெழுத்துப் போடும்போதெல்லாம் எனக்கு மாயாபுரி ஞாபகம் வந்துவிடும்.

டெல்லிவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: மேற்கு டெல்லியில் இருக்கும் மிகப் பெரிய காயலான்கடைச் சந்தை அது.

டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறை 1968-ல் கனடா தயாரிப்பான 'காமா செல்' கருவி ஒன்றை வாங்கியது. உள்ளே கோபால்ட்-60, சுற்றிலும் கனமான ஈயக் கவசம். ஆராய்ச்சிக்காகப் பொருட்களின் மேல் கதிர் பாய்ச்சுவதற்கு. 1985-க்குப் பிறகு அதை யாரும் பயன்படுத்தவில்லை. 2010 பிப்ரவரி 26 அன்று ஏலத்தில் பழைய இரும்போடு இரும்பாகப் போய்விட்டது.

கோபால்ட்-60 சுமார் ஐந்தேகால் வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகும். 42 வருஷத்தில் எட்டு முறை. நூறு ரூபாய் 40 பைசா ஆன மாதிரி. எங்கள் கணக்கில் அது பூஜ்யம்தான். ஆனால் அந்த 40 பைசாவே ஆளைக் கொல்லப் போதுமாக இருந்தது!

மாயாபுரியில் அது என்னவென்று தெரியாமலே தொழிலாளிகள் பிரித்தார்கள். கதிர்வீசும் உலோகம் 11 துண்டானது. மிகச் சின்னத் துண்டை ஒருவர் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிந்தார். முடி கொட்டியது, தோல் கறுத்தது. ஏப்ரல் 7-ம் தேதி ஒரு மருத்துவமனை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தகவல் சொன்ன பிறகுதான் விஷயமே வெளியில் வந்தது. எட்டுப் பேர் மருத்துவமனையில். ஏப்ரல் 26-ல் ஒரு தொழிலாளி இறந்துபோனார். துண்டுகளை மீட்டு நரோரா அணுமின் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அவர் எந்தப் பட்டியலிலும் கையெழுத்துப் போட்டவரில்லை. தினக்கூலிக்கு இரும்பு உடைத்தவர்.

வெளிநாட்டுக் கட்டடங்களில் கரண்டும் பேட்டரியும் இல்லாமல் ஒளிரும் 'எக்ஸிட்' பலகைகள் உண்டு. அவற்றின் கண்ணாடிக் குழாய்க்குள் இருப்பது டிரிடியம் வாயு. இது கோபால்ட் அளவுக்குப் பயங்கரமில்லை, அதன் கதிர் தோலைத் தாண்டாது. உடம்புக்குள் போனால்தான் ஆபத்து. உடைந்து கிடந்தால் தொடாமல் வெளியே வந்து, கதவைச் சாத்தி, கையைக் கழுவிவிட்டு, பொறுப்பானவரிடம் சொல்ல வேண்டும். குப்பையில் போடுவதோ பழைய சாமானாக விற்பதோ கூடவே கூடாது.

போன தடவை எங்கள் பட்டியலில் "பழைய மெஷின் – 1" என்று ஒரு வரி. என்ன மெஷின் என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. ஸ்டோர் ரூமைத் திறந்து பார்த்தால், நோட்டு எண்ணும் மெஷின். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.