வைட்டமின் டி மாத்திரை: தினமும் போடுறீங்களா?

கை கால் வலி, எந்நேரமும் அசதி என்று டாக்டரிடம் போனால், 'வைட்டமின் டி கம்மியா இருக்கு' என்று ரிப்போர்ட் வருகிறது. 'நம்ம ஊர்லதான் வெயில் கொளுத்துதே, எப்படிக் குறையும்?' என்று கேட்கத் தோன்றும். வெயில் அடிப்பது வெளியில். நாம் இருப்பதோ வீட்டுக்குள், ஆபீஸுக்குள். ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் பயனில்லை. இந்த வைட்டமின் உருவாகத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அதனால்தான் மாத்திரை.

உள்ளே போனதும் என்ன நடக்கும்?

விழுங்கிய உடனே அது வேலை செய்யாது. கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால், சாப்பாட்டிலுள்ள கொழுப்போடு சேர்ந்து சிறுகுடலிலிருந்து ரத்தத்துக்குப் போகும். கல்லீரல் அதை ஒருமுறை மாற்றும். லேபில் அளப்பது இந்த வடிவத்தைத்தான். அடுத்து சிறுநீரகம் அதை 'கால்சிட்ரியால்' ஆக்கும். உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சுவதற்கு உதவுவது இதுதான். எனவே, மாத்திரையை வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள்.

எதிர்ப்பு சக்தி கூடுமா?

நோய்க்கிருமிகளோடு போராடும் வெள்ளை அணுக்கள் வைட்டமின் டி-யைப் பயன்படுத்தித்தான் கிருமிகளைக் கொல்லும் சில புரதங்களைத் தயாரிக்கின்றன. எதிர்ப்பு சக்தி எல்லை மீறி நம் உடலையே தாக்காமல் அடக்கி வைப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு. குறைபாடு இருப்பவர்களுக்கு அதைச் சரிசெய்வது நல்லது. அளவு சரியாக இருப்பவர்கள் கூடுதலாகப் போட்டால் சளி, காய்ச்சலே வராது என்று நினைக்க வேண்டாம்.

இங்கேதான் கவனம் வேணும்!

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 600 யூனிட். டாக்டர்கள் அடிக்கடி எழுதித் தருவதோ 60,000 யூனிட் மாத்திரை. அதாவது, ஒரே மாத்திரையில் 100 நாள் தேவை! அதனால்தான் வாரம் ஒன்று, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும் என்று சொல்கிறார்கள். இதைத் தினமும் போட்டால், அதிகப்படியானது சிறுநீரில் சுலபமாக வெளியேறாது, உடம்பிலேயே சேரும். ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், அடிக்கடி சிறுநீர் என ஆரம்பித்து, சிறுநீரகமே பாதிக்கப்படலாம்.

சிறுநீரகக் கல் இருப்பவர்களும் சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுதின மாத்திரையை நீங்கள் வாங்கிப் போடாதீர்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், இன்றைக்கே அவர்களின் மருந்துச் சீட்டை எடுத்து, 'வாரம் ஒன்று' என்று இருக்கிறதா, 'தினம் ஒன்று' என்று இருக்கிறதா எனப் பார்த்துவிடுங்கள்.