உப்பும் சர்க்கரையும் காத்த குழந்தைகள்



வெள்ளமாயினும் போராயினும், முதல் நாளின் கூக்குரல் அடங்கிய பின்னர், முகாம்களில் ஓசையின்றி நுழையும் இரண்டாம் பேரிடர் ஒன்று உண்டு. அதுதான் வயிற்றுப்போக்கு. தூய நீரும் கழிப்பிடமும் போதாமல் மக்கள் நெருங்கித் தங்கும் இடங்களில் அது விரைந்து பரவும். சிறு குழந்தைகளே அதற்கு எளிதில் இரையாவர். சிற்றுடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறினால், ஈடுகட்டுவதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. இக்கொடுமைக்கு எதிராக மனிதர் கண்ட மிக எளிய மருந்தின் வரலாற்றை, பருவமழைக் காலத்துக்கு முன் என் மாணவர்களுக்குச் சொல்வது வழக்கம். அதனை இம்முறை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

1971ஆம் ஆண்டு, இன்று வங்காளதேசமாக விளங்கும் கிழக்குப் பாகிஸ்தானில் விடுதலைப் போர் மூண்டது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லையைக் கடந்து இந்தியாவில் தஞ்சம் புகுந்தனர். மேற்கு வங்காளத்தின் எல்லை நகரான போங்கானைச் சுற்றிலும் இலட்சக்கணக்கானோர் திரண்டனர். மழையும் பசியும் அவர்களை வாட்ட, காலரா பரவியது. நோயாளிகளுக்குக் கட்டில்கள் போதவில்லை. மருத்துவமனைத் தரையெங்கும் அவர்கள் கிடத்தப்பட்டிருந்தனர்.

ஜூன் மாத இறுதியில், கல்கத்தாவிலிருந்து டாக்டர் திலீப் மகாலனாபிஸ் ஒரு சிறு குழுவுடன் அங்கு வந்து சேர்ந்தார். அவர் குழந்தை மருத்துவர். நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றுவதே அக்காலத்தில் காலராவுக்கு ஏற்ற சிகிச்சையாகக் கருதப்பட்டது. அதற்கு ஊசியும், கிருமி நீக்கிய நீரும், பயிற்சி பெற்ற கைகளும் வேண்டும். இரண்டு வாரங்களுக்குள்ளாகவே கையிருப்பு தீரும் நிலை வந்துவிட்டது.

மாற்றுவழி ஒன்று அறிவியலார்க்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. குடலில் உப்பும் சர்க்கரையும் சேர்ந்திருந்தால், சர்க்கரையோடு உப்பும் குடற்சுவரின் வழியே உள்ளிழுக்கப்படும். அவற்றைத் தொடர்ந்து நீரும் செல்லும். வயிற்றுப்போக்கு கடுமையாக இருக்கும்போதும் இவ்வழி அடைபடுவதில்லை. டாக்காவில் டேவிட் நளின், ரிச்சர்ட் கேஷ் ஆகிய மருத்துவர்கள் 1968ஆம் ஆண்டில் காலரா நோயாளிகளிடம் இதனைச் சோதித்துப் பயன் கண்டிருந்தனர். ஆயினும், மருத்துவர் கண்காணிப்பின்றி முகாமில் இதனைக் கொடுக்கலாமா என்பதற்கு அதுவரை விடையில்லை.

மகாலனாபிஸ் துணிந்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்னும் அளவில் கல்கத்தாவில் பொட்டலங்கள் கட்டப்பட்டன. ஒரு லிட்டருக்கான செலவு 11 பைசா மட்டுமே. முகாமில் அவற்றை நீரில் கரைத்துக் குழாய் பொருத்திய பீப்பாய்களில் நிரப்பி வைத்தனர். நினைவிழந்தோர்க்கும் நிலைமை முற்றியோர்க்கும் நரம்புவழி நீர் ஒதுக்கப்பட்டது. மற்றவர்களுக்குத் தாயும் தந்தையும் உடன்பிறந்தோருமே குவளையில் பிடித்துக் குடிக்கக் கொடுத்தனர். இரண்டு மாதங்களில் 3,700க்கும் மேற்பட்டோர் இவ்வாறு சிகிச்சை பெற்றனர். முன்னர் ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது.

என்னை மிகவும் சிந்திக்க வைப்பது அந்தக் குவளையைப் பிடித்த கைகளே. எழுத்தறியாத தாய்மாரும் முறையாகச் சொல்லிக்கொடுத்தால் உயிர் காப்பர் என்பது அங்கு மெய்ப்பிக்கப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பின்னர் இக்கரைசலை உலகெங்கும் கொண்டு சென்றன.

ஆசிரியராகிய நமக்கு இன்னொரு பாடமும் உண்டு. 1980 முதல் 1990 வரை வங்காளதேசத்தின் பிராக் அமைப்பைச் சேர்ந்த பெண் பணியாளர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்று, ஒரு சிட்டிகை உப்பையும் ஒரு பிடி வெல்லத்தையும் நீரில் கரைக்கும் முறையைக் கற்பித்தனர். சில வாரங்கள் கழித்து வேறொருவர் சென்று, தாய்மார் கற்றதை நினைவில் வைத்திருக்கின்றனரா எனச் சோதிப்பார். அதற்கேற்பவே பணியாளரின் ஊதியம் அமையும். கற்பித்தலின் அளவுகோல் கற்றவரிடம்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ?

நம் மலேசியாவில் வடகிழக்குப் பருவமழையின்போது பள்ளிகளே துயர்துடைப்பு மையங்களாகின்றன. 2014ஆம் ஆண்டு கிளந்தான் வெள்ளத்தையும், 2021 டிசம்பரில் ஷா ஆலம் நீரில் மூழ்கியதையும் நாம் மறக்கவில்லை. ஆகவே, நாம் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியவை சில உள.

மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களே சிறந்தவை. 2002ஆம் ஆண்டு முதல் உலகச் சுகாதார நிறுவனம் உப்பும் சர்க்கரையும் குறைந்த கலவையைப் பரிந்துரைக்கிறது. எனவே, மேற்கூறிய 1971ஆம் ஆண்டின் அளவை யாரும் பின்பற்ற வேண்டா. பொட்டலத்தில் அச்சிட்ட அளவுக்குச் சரியாகக் கொதித்தாறிய நீர் சேர்க்க வேண்டும். பொட்டலம் கிடைக்காதபோது, ஒரு லிட்டர் நீரில் தட்டையாக 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். உப்பு மிகுந்தால் தீங்காகும். குழந்தை வாந்தியெடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மீண்டும் கரண்டி கரண்டியாகப் புகட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குழந்தை குடிக்க இயலாமல் சோர்ந்தாலோ, கண்கள் குழி விழுந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

டாக்டர் மகாலனாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். மறு ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதை அறிவித்தது. அவர் நினைவாக நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மழைக்காலம் தொடங்குமுன், பள்ளியின் முதலுதவிப் பெட்டியில் சில ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும், அளவு குறித்த ஒரு லிட்டர் போத்தலும், ஒரு தேக்கரண்டியும் உள்ளனவா எனப் பாருங்கள். பெற்றோர்களே, வீட்டிலும் அவ்வாறே வைத்து, கரைக்கும் முறையைப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள். ஒரு வாரம் கழித்து, அவர்களை அதனைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.