பாவத்தை அறிந்தவரின் கள்ளமின்மை

பழைய நூல்கள் விற்கும் கடையொன்றில் நம் கைக்கு வந்தது ஒரு துப்பறியும் நூல். தையல் தளர்ந்து, ஏடுகள் பழுப்பேறியிருந்தன. ஆங்கில எழுத்தாளர் ஜி. கே. செஸ்டர்ட்டன் 1911ஆம் ஆண்டு வெளியிட்ட 'அருட்தந்தை பிரவுனின் கள்ளமின்மை' என்னும் 12 கதைகளின் தொகுப்பு அது. பொழுதுபோக்கிற்கெனப் புரட்டத் தொடங்கிய நம்மை, அது பிறந்த வரலாறு சிந்தனையில் ஆழ்த்தியது.

அந்நாளில் துப்பறியும் கதையுலகில் கோலோச்சியவர் ஷெர்லாக் ஹோம்ஸ். காலடித் தடத்தையும் புகையிலைச் சாம்பலையும் ஆராய்ந்து குற்றவாளியைக் கண்டறிவது அவர் முறை. செஸ்டர்ட்டன் படைத்தவரோ குள்ளமான, உருண்டை முகங்கொண்ட, குடையை அடிக்கடி கைநழுவ விடும் எளிய குருவானவர்.

இப்படைப்புக்குத் தூண்டுகோலாய் அமைந்தவர் அருட்தந்தை ஜான் ஓ'கானர் என்னும் அயர்லாந்துக் குரு. அவர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் பணியாற்றிய காலத்தில், இருவரும் கீத்லியிலிருந்து இல்க்லிக்கு மேட்டுநிலத்தின் வழியே நடந்து சென்றனர். சமூகத் தீமைகள் பற்றிச் செஸ்டர்ட்டன் கூறிய கருத்தொன்றைக் குருவானவர் தாம் அறிந்த உண்மைகளைக் காட்டி மறுத்தார். மனித உள்ளத்தின் இருளை அவர் அத்துணை அறிந்திருந்தது எழுத்தாளரைத் திடுக்கிடச் செய்தது. பின்னர் அவர்கள் சென்று தங்கிய இல்லத்தில், குருவானவர் அறையை விட்டு அகன்றதும், கேம்பிரிட்ஜ் மாணவர் இருவர், மடத்துச் சுவர்களுக்குள் வாழ்வோர் உலகின் தீமையை எங்ஙனம் அறிவர் என்று பேசினர். செஸ்டர்ட்டனுக்குச் சிரிப்பை அடக்குவது அரிதாயிற்று. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்திருப்பவர் கேளாத தீமையும் உண்டோ? அந்த முரணிலிருந்தே பிரவுன் அடிகளார் பிறந்தார்.

இக்கதைகளில் குற்றத்தைக் கண்டுபிடிப்பதோடு அடிகளாரின் பணி முடிவதில்லை. ஃபிளாம்போ என்னும் பெருங்கள்வன் அவரால் மனந்திரும்பி, அவர்தம் நண்பனாகிறான். 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' என்ற கதையில், நால்வர் காவலிருந்தும் வாயிலைக் கடந்து சென்ற தபால்காரனை எவரும் ஒரு மனிதனாகவே எண்ணவில்லை. அவனே கொலையாளி. அடிகளார் அவனோடு பனி மூடிய குன்றுகளின்மேல், விண்மீன்களின் கீழ், பல மணி நேரம் நடக்கிறார். இருவரும் பேசியதை ஆசிரியர் வெளியிடவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தின் முத்திரையை மதிக்கும் மௌனம் அது. நம் பிரதியில் அப்பக்கத்தின் ஓரத்தில் மட்டும் யாரோ பென்சிலால் கோடிட்டிருந்தார்.

அந்நூல் வெளிவந்து 11 ஆண்டுகள் கழித்து, 1922ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள், பீக்கன்ஸ்ஃபீல்டு ஊரில் செஸ்டர்ட்டன் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அங்கு அப்போது கத்தோலிக்க ஆலயம் இல்லாமையால், விடுதியொன்றைச் சேர்ந்த கூடமே சிற்றாலயமாயிற்று. அவரை ஏற்றுக்கொண்டவர் அதே ஓ'கானர் அடிகளார். ஏன் சேர்ந்தீர் என்ற வினாவுக்கு, தம் பாவங்களினின்று விடுபடவே என்று அவர் தம் தன்வரலாற்றில் விடை பகர்ந்தார். கற்பனைக் கள்வனுக்கு அவர் திறந்து வைத்த வாயிலில் இறுதியில் தாமே நுழைந்தார்.

நாளிதழில் குற்றச் செய்தியைக் கண்டதும் தண்டனையை மனத்துள் எழுதி முடிப்பவர்கள் நாம். நம் பாவம் குறித்து மட்டும் நாளை பார்ப்போம் என்கிறோம். பிறர் குற்றத்தைத் துப்பறிவதில் நமக்குள்ள ஆர்வம் நம் உள்ளத்தைத் துப்பறிவதில் இல்லை. நெடுநாள் தள்ளிவைத்த ஒப்புரவை நினைவூட்டிய அப்பழைய நூலுக்கும், முகமறியா அந்தப் பென்சில் கோட்டுக்கும் நாம் கடன்பட்டுள்ளோம்.