இருவர் சொன்ன சம்மதம்

பன்னிரண்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மகளின் கல்யாணம் பெரும்பாலும் தகப்பன் கையில் இருந்தது. அப்போதுதான் திருச்சபை, மணமக்கள் இருவரின் சம்மதமே திருமணம், பெற்றோர் ஒப்பாவிட்டாலும் அது செல்லும் என்று உறுதிப்படுத்தியது. எளியவளுக்குக் கிடைத்த பெரிய பிடி இது என்பேன். அதே விதி அவளைக் கைவிடவும் உதவியதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சாட்சியில்லாமல் கொடுத்த வாக்கை ஆண் பிறகு மறுத்தால் அவள் எதைக் காட்டுவாள்?

அதனால்தான் 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம், திருமணத்துக்கு மூன்று திருநாள்களில் கோவில் அறிவிப்பு, பங்குக்குருவின் முன்னிலை, குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும் என்று விதித்தது. பெற்றோர் சம்மதத்தையும் கட்டாயமாக்கச் சொல்லி பிரெஞ்சு அரசு நெருக்கியது, சங்கம் இணங்கவில்லை. மணமான பின் கணவன் அதிகாரம் குறையவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் பங்கு ஏட்டில், தேதியோடும் சாட்சிகளோடும், அவள் பெயர் அவன் பெயருக்குப் பக்கத்தில் ஏறியது.