முதல் துவக்கு

துப்பாக்கியை ஈழத்துப் பேச்சுத் தமிழிலே துவக்கு என்கின்றோம். குழலின் வாயினூடாக வெடிமருந்தையும் சன்னங்களையும் இட்டு, தடியால் இடித்து இறுக்கிச் சுடும் பழைய வகையை வன்னி மக்கள் இடியன் என்பார்கள். 2009ஆம் ஆண்டுவரை போருக்குள் வாழ்ந்த எமக்குச் சிறுவன், துவக்கு என்ற இரு சொற்களையும் சேர்த்துக் கேட்டாலே நெஞ்சு கனக்கின்றது. புத்தகம் பிடிக்கவேண்டிய கைகளில் ஆயுதம் ஏறிய காலத்தைக் கண்டவர்கள் நாங்கள். ஆயினும், ஒரு சிறுவனின் கையில் முதல் துவக்கைக் கொடுக்குமுன் மூத்தோர் பலமுறை யோசித்த வேட்டை மரபொன்றும் வரலாற்றில் உண்டு. அந்த மரபிலே துவக்கைவிட அதனோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட கட்டுப்பாடே பெரிதாக மதிக்கப்பட்டது. இன்று அதைப்பற்றிச் சிறிது சிந்திப்போம்.

இங்கிலாந்திலே இது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது. 1809இல் ஸ்பெயினின் தலவேரா போரில் காயமடைந்த பீற்றர் ஹோக்கர் என்ற படை அதிகாரி, இளம் வேட்டைக்காரருக்கு அறிவுரை கூறும் நூலொன்றை 1814இல் வெளியிட்டார். அது பல பதிப்புகளைக் கண்டது. பின்வந்த தலைமுறைகளில் முதல் துவக்கைத் தெரிவுசெய்வதற்கான கணக்குகளும் தெளிவாயின.

வேட்டைத் துவக்கின் குழலளவைக் குறிக்கும் முறை விநோதமானது. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஒன்று எந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ அதுவே 12ஆம் இலக்கத் துவக்கு. இருபது உருண்டைகளாக்கினால் 20ஆம் இலக்கம். ஆகவே இலக்கம் கூடக் குழல் சிறுக்கும். இந்தக் கணக்குக்குள் அடங்காமல் அங்குலத்தால் அளக்கப்படுவது 410 எனப்படும் மிகச் சிறிய வகை. அதன் குழல் 0.410 அங்குலம். சிறுவருக்குப் பெரும்பாலும் இதனையோ 28ஆம், 20ஆம் இலக்கங்களையோ கொடுத்தார்கள்.

பாரம் குறைந்த துவக்கே பையனுக்கு நல்லது என்று நாம் எண்ணுவோம். அது பாதி உண்மைதான். ஒரே அளவு மருந்தை இட்டுச் சுட்டால், பாரமான துவக்கைவிடப் பாரம் குறைந்ததே தோளில் பலமாக உதைக்கும். அந்த உதையை ஒருமுறை வாங்கிய பிள்ளை அடுத்தமுறை கண்ணை மூடிக்கொண்டு சுடும். எனவே துவக்கின் பாரத்தோடு மருந்தின் அளவும் குறையவேண்டும். மரப்பிடியின் நீளம் பிள்ளையின் கைக்கு ஒத்திருக்கவேண்டும். ஒரு முறை சுட்டபின் மீண்டும் தோட்டா இடவேண்டிய ஒற்றைக்குழலே முதலில் ஏற்றது என்றும் பலர் கருதினர். ஒரே வெடி என்றால் அவன் இருமுறை யோசிப்பான் அல்லவா?

இவை கருவியைப் பற்றிய கணக்குகள். கையைப் பற்றிய கணக்கை எழுதியவர் மார்க் பியூபோய். வினாகிரித் தொழில் நடத்திய குடும்பத்தில் வந்த இவர், 1889 முதல் 1895 வரை பிரித்தானியப் பாராளுமன்றத்தில் கெனிங்ரன் தொகுதியின் உறுப்பினராக இருந்தார். 1902இல் தம் மகனுக்கு முதல் துவக்கைக் கொடுத்தபோது அதனோடு ஒரு செய்யுளையும் எழுதிக் கொடுத்தார். 'ஒரு தந்தையின் அறிவுரை' என்பது அதன் பெயர். எவரை நோக்கியும் குழலைத் திருப்பலாகாது, வேலி கடக்குமுன் தோட்டாவை எடுத்துவிடவேண்டும், எத்தனை பறவைகளை வீழ்த்தினும் ஓர் உயிர்ப்பலிக்கு அவை ஈடாகா என்பன அதன் சாரம். குறிபார்ப்பது எப்படி என்பதைவிட, எப்போது சுடக்கூடாது என்பதே அந்தத் தந்தைக்கு முக்கியமாகப் பட்டது.

இனி இமயமலைச் சாரலுக்கு வருவோம். 1875இல் நைனித்தாலில் பிறந்த ஜிம் கோர்பெற்றுக்கு வாய்த்த முதல் துவக்கு மேற்கூறிய கணக்குகள் எதற்கும் அமைந்ததன்று. நைனித்தாலில் தபாலதிபராக இருந்த தந்தை 1881இல் இறந்தார். மூத்த சகோதரர் ரொம் குடும்பப் பொறுப்பை ஏற்றார். ஜிம்முக்கு முதலில் கிடைத்தது கெற்றப்போல். அடுத்தது களிமண் உருண்டையை எறியும் உண்டைவில். அவற்றிலே கை பழகிய பின்னரே துவக்கு வந்தது. 1953இல் வெளியான 'ஜங்கிள் லோர்' என்ற நூலில் இதனைக் கோர்பெற் சுவைபட எழுதியிருக்கின்றார்.

குமாவோன் பறவைகளைப்பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த ஸ்டீபன் டீஸ் என்ற உறவினர், தமக்குப் பறவைகள் சேகரித்துத் தரும்படி கேட்டு ஜிம்மிடம் ஒரு துவக்கைக் கொடுத்தார். அது இரட்டைக்குழல் இடியன். அளவுக்கு மிஞ்சி மருந்து இட்டதால் வலக்குழல் பிளந்திருந்தது. உடைந்த மரப்பிடியையும் குழல்களையும் பித்தளைக் கம்பி சுற்றிப் பிணைத்திருந்தார்கள். பேராசைப்பட்டு மருந்து இட்டால் என்ன நேரும் என்பதற்கான பாடம் அந்தத் துவக்கிலேயே எழுதப்பட்டிருந்தது! எஞ்சியது இடக்குழல் ஒன்றுதான். ஒரு வெடி, பிறகு மறுபடி மருந்திட்டு இடிக்கவேண்டும். இங்கிலாந்தின் தந்தையர் காசு கொடுத்து வாங்கிய ஒற்றைக்குழற் கட்டுப்பாடு இவருக்கு உடைசலாக வந்து சேர்ந்தது எனலாம்.

அந்தத் துவக்கைக் கண்டு முதலில் மகிழ்ந்தவர் குன்வர் சிங். சாந்தினி சௌக் என்ற கிராமத்தின் தலைவர். களவாக வேட்டையாடுவதிலும் வல்லவர். அவர் ஜிம்முக்குச் சொன்ன முதற் புத்திமதி மரமேறப் பழகு என்பதே. மரமேறத் தெரியாத தம் தோழர் ஹர்சிங் புலியிடம் அகப்பட்டுக் குடல் சரிந்த கதையையும் கூடவே சொன்னார். ஆயுதம் கையிலிருந்தாலும் காட்டில் நீ சிறியவன் என்பது அதன் உட்பொருள். கோர்பெற் சிறுவயதிலேயே பறவைகளை அவை செய்யும் தொழிலைக் கொண்டு வகைப்படுத்தக் கற்றார்: காட்டுக்கு அழகு தருபவை, இசை தருபவை, ஆபத்தை அறிவிப்பவை என்றெல்லாம். சுடுவதற்காகப் பார்க்கத் தொடங்கிய கண் மெல்ல மெல்ல அறிவதற்காகப் பார்க்கலாயிற்று.

1907இல் சம்பாவத்திலே, 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட பெண்புலியை அவர் எதிர்கொண்டார். றைபிள் தோட்டாக்கள் தீர்ந்துவிட்டன. தாசில்தாரின் துவக்கை வாங்கிக்கொண்டு காயப்பட்ட புலியை நெருங்கினார். துவக்கை உயர்த்தியபோதுதான் குழல்களுக்கும் பின்பகுதிக்கும் இடையே அங்குலத்தின் எட்டில் மூன்று பங்கு இடைவெளி இருப்பதைக் கண்டார். வெடி பின்னோக்கிப் பாய்ந்தால் கண் போய்விடலாம். அதைத் தெரிந்துகொண்டே சுட்டார். குறி தவறிக் குண்டு காலிலே பட்டது. ஆனால் முன்பு பட்ட காயங்களால் புலி வீழ்ந்தது. பழுதுபட்ட துவக்கொன்றின் எல்லையை அளந்து பழகியவருக்கு அந்தக் கணத்தில் நிதானம் தவறாதது வியப்பில்லை.

பின்னாளில் அவர் புகைப்படக் கருவியோடு புலிகளைத் தேடினார். 1936இல் அமைந்த ஹெய்லி தேசியப் பூங்கா பின்னர் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

நேயர்களே, பியூபோயின் மகனுக்கு ஒரு தந்தை இருந்தார். கோர்பெற்றுக்கு ஒரு குன்வர் சிங் இருந்தார். எங்கே நிறுத்தவேண்டும் என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தபடியால்தான் அந்தத் துவக்குகள் பிள்ளைகளை விழுங்கவில்லை. எம் மண்ணிலே ஆயுதம் ஏந்திய பிள்ளைகளுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. எங்கே சுடவேண்டும் என்று சொல்லப் பலர் இருந்தார்கள். எங்கே நிறுத்தவேண்டும் என்று சொல்ல எவரும் இருக்கவில்லை.