ஈறுக்குக் கீழே: நாய், பூனைப் பல் சிகிச்சையில் எக்ஸ்ரேயின் இடம்

ஐயத்துக்குரிய பல்லுக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்தால் போதும் என்ற வழக்கம் கால்நடை மருத்துவத்தில் இன்னும் நீடிக்கிறது. ஆனால் எந்தப் பல்லை ஐயுற வேண்டும் என்பதையே எக்ஸ்ரேதான் சொல்கிறது. வழக்கத்தின் கோளாறு அங்கேயே தொடங்குகிறது. வாயைத் திறந்தால் தெரிவது பல்லின் தலைப்பகுதி. நோய் பெரும்பாலும் வேரிலும் தாடை எலும்பிலும் குடியிருக்கிறது.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் வெர்ஸ்திராத்தே குழுவினர் 226 நாய்களுக்கும் 115 பூனைகளுக்கும் முழுவாய் எக்ஸ்ரே எடுத்து, 1998இல் முடிவுகளை வெளியிட்டனர். கண்ணுக்குக் குறையே தெரியாத பற்களைப் படத்தில் பார்த்தபோது, நாய்களில் 27.8 விழுக்காட்டிலும் பூனைகளில் 41.7 விழுக்காட்டிலும் மருத்துவ முக்கியத்துவமுள்ள மாற்றங்கள் தென்பட்டன. இவை பல் சிகிச்சைக்கென வந்த விலங்குகள். ஆகவே இந்த எண்களை நலமாக உள்ள எல்லா விலங்குகளுக்கும் அப்படியே பொருத்தலாகாது. சிகிச்சை மேசையில் கிடக்கும் விலங்குக்கு அவை பொருந்தும். நமது கேள்வியும் அதைப் பற்றியதுதான்.

பூனையின் பல் கரைவு நோயில் வாதம் இன்னும் வலுப்பெறுகிறது. கீழ்த்தாடையின் முன்கடைவாய்ப்பல் ஒன்றில் ஈறு சற்றே மேலேறி, சிவந்த திட்டாக நிற்கும். பல்லையும் ஈறையும் தொட்டுச் சோதிக்கும் ஆய்வுக் கம்பி பட்டதும், மயக்கத்தில் இருக்கும்போதே தாடை நடுங்கும். இதுவரை கையும் கண்ணும் போதும்; வகையைப் பிரிக்கப் படம் வேண்டும். வேரைச் சுற்றி மெல்லிய கருங்கோடு படத்தில் தெளிவாக இருந்தால் அது முதல் வகை. வேரை முழுதாக எடுத்தாக வேண்டும். கோடு மறைந்து வேர் எலும்போடு கலந்திருந்தால் இரண்டாம் வகை. வேர்நுனியில் சீழ், ஈறு நோய், வாய் அழற்சி எதுவும் இல்லையென்றால், தலைப்பகுதியை மட்டும் வெட்டி ஈறைத் தைத்துவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். படமில்லாமல் தலைப்பகுதியை வெட்டுவதைச் சிகிச்சை என்று என்னால் ஏற்க இயலவில்லை.

நாயில் விவகாரம் வேறு. கண்ணுக்குக் கீழே வீக்கம் வரும், ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் வற்றும், மறுபடி வரும். பெரும்பாலும் காரணம் மேல்தாடை நான்காம் முன்கடைவாய்ப்பல். அதன் மூன்று வேர்களில் முன்னிரண்டும் படத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், எக்ஸ்ரே குழாயைச் சற்றே நகர்த்தி இரண்டாவது படம் எடுக்க வேண்டும். சிறு இன நாய்களில் கீழ்த்தாடை முதல் கடைவாய்ப்பல்லைச் சுற்றி எலும்பு கரைந்திருந்தால், பிடுங்கும் விசைக்கே தாடை முறியக்கூடும்; அதை முன்கூட்டியே படத்தில் பார்த்தாக வேண்டும். உடலுக்கான பெரிய தகட்டில் எடுத்தால் இடமும் வலமும் ஒன்றன்மேல் ஒன்று பதியும். வாய்க்குள் வைக்கும் சிறு தகடுதான் உதவும்.

படத்துக்கும் எல்லை உண்டு. எலும்பின் தாதுவில் ஏறத்தாழ 30 முதல் 50 விழுக்காடு போன பிறகே இழப்பு நிழலாகத் தெரியும். ஆகவே ஆய்வுக் கம்பியை ஒதுக்க முடியாது.

மயக்க நேரம் நீளும் என்ற எதிர்ப்பு வெறும் சாக்கு அன்று. ஆனால் பல் சுத்தம் செய்வதற்கே விலங்கு மயக்கத்தில்தான் இருக்கிறது. டிஜிட்டல் தகட்டில் படம் சில நொடிகளில் திரைக்கு வருகிறது. பல்லைப் பிடுங்கிய குழியையும் தைக்கும் முன் ஒரு படம் எடுப்பது நல்லது. முறிந்த வேர்நுனி உள்ளே தங்கியிருந்தால், அதே மயக்கத்திலேயே எடுத்துவிடலாம்.